கோழிப்பண்ணை கீழே, எரு மேலே: மேல்மலைக்காரருக்கு இதில் என்ன பேச்சு?

பிப்ரவரி 4, 2024

வாசகர் ஒருவர் கேட்டது: “கோழிப்பண்ணைக் கொடுமையைப் பற்றி நாமக்கல்காரர் பேசட்டும், பல்லடத்துக்காரர் பேசட்டும். கொடைக்கானல் மேல்மலையில் அப்படி ஒரு பண்ணையை நான் பார்த்ததில்லை. கேரட்டும் பூண்டும் போடுகிறவர்களுக்கு இதில் என்ன பேச்சு?”

பேச்சு இருக்கிறது. போன வாரம் எங்கள் தோட்டத்துக்கு ஒரு லாரி கோழி எரு வந்து இறங்கியது. உடுமலைப் பக்கத்துப் பண்ணையில் அள்ளியது. பழனி வந்து, மலைச்சாலை ஏறி, பெருமாள்மலை, கொடைக்கானல், பூம்பாறை எல்லாம் தாண்டி மன்னவனூர் வரை வந்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் கோழி எரு போடாத கேரட் தோட்டம் குறைவு. பண்ணை கீழே இருக்கிறது, அதன் கழிவு எங்கள் ஓடைக்கரையில் குவிந்து கிடக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. நான் ஆறு வருஷம் கறிக்கோழி வளர்த்தவள். மன்னவனூரில் பிறந்து, பழனிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டேன். ஷெட் போட்டோம், வளர்த்தோம், விட்டுவிட்டு அப்பா நிலத்துக்கே வந்துவிட்டோம். நாளை எழுதுகிறேன், தோட்டத்தில் ஆள் இருக்கிறது.

பிப்ரவரி 5, இரவு

ஷெட் 24 அடி அகலம், 250 அடி நீளம், கிழமேலாகக் கட்டியது. 6,000 சதுர அடி. இறக்குவது 6,000 குஞ்சு. ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி என்பதுதான் கணக்கு. இடம் எங்களுடையது. ஷெட் வங்கிக் கடனில் கட்டியது. கரண்டு, தண்ணீர், ஆள், தரையில் பரப்பும் தென்னை நார்த்தூள் எல்லாம் எங்கள் செலவு. குஞ்சும் தீவனமும் மருந்தும் ஒரு கம்பெனியுடையது. வளர்ந்த பிறகு அவர்களே பிடித்துக்கொண்டு போவார்கள், எடைக்குத் தக்கபடி எங்களுக்கு வளர்ப்புக் கூலி. நாங்கள் விட்ட சமயத்தில் கிலோவுக்கு நாலு ரூபாய் சொச்சம். தீவனம் அதிகம் தின்று எடை குறைந்தால் பிடித்தம், சாவு கூடினால் பிடித்தம்.

குஞ்சு இறக்குகிற நாள் எனக்குப் பிடிக்கும். ஒரு நாள் வயசு, உள்ளங்கைக்குள் அடங்கும். பல்பு வெளிச்சத்தில் மஞ்சளாக ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாவது வாரத்திலிருந்து உள்ளே போனால் கண் எரியும். எச்சத்திலிருந்து கிளம்புகிற அமோனியா அது. நமக்கு அரை மணி நேரம், அதுகளுக்கு ராத்திரி பகல். நாலு வாரத்துக்கு மேல் நடப்பதே குறைந்துவிடும். தீவனத் தட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் உட்கார்ந்தே கிடக்கும். நெஞ்சுப் பக்கம் ரோமம் இல்லாமல் தோல் சிவந்திருக்கும். சிலது காலை இழுத்துக்கொண்டு தட்டு வரைக்கும் போகப் பார்க்கும். தினமும் காலையில் முதல் வேலை, பக்கெட்டை எடுத்துக்கொண்டு செத்ததைப் பொறுக்குவது.

ஒரு மே மாதம், மதியம் கரண்டு போய்விட்டது. மூன்று மணி நேரம். விற்கிற பருவத்துக்கு வந்த கோழி உள்ளே. ஃபேன் நின்றது, தண்ணீர் தெளிப்பான் நின்றது. நானும் வீட்டுக்காரரும் குடத்தில் மொண்டு மொண்டு கூரையிலும் உள்ளேயும் ஊற்றினோம். கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அத்தனை வாயும் திறந்திருந்தது. சாயங்காலத்துக்குள் நானூறுக்கு மேல் செத்தது. குழி வெட்டிப் புதைத்தோம். அந்த பேட்சுக்குக் கூலி வரவில்லை, கணக்குப் பார்த்ததில் நாங்கள்தான் பாக்கி என்று வந்தது. என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். அன்று ராத்திரி, “காசு போனது கிடக்கட்டும், அந்த இளைப்புச் சத்தம் போகமாட்டேன் என்கிறது” என்றார்.

பிப்ரவரி 6

“ஹார்மோன் ஊசி போட்டுத்தான் ஊத வைக்கிறார்கள்” என்று எழுதியிருக்கும் நண்பருக்கு: ஆறு வருஷத்தில் அப்படி ஒரு ஊசியை நான் பார்க்கவில்லை. 6,000 கோழியைப் பிடித்து ஊசி போட ஆளும் கிடையாது. தடுப்பு மருந்து உண்டு, வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு விடுவோம், சிலதைத் தண்ணீரில் கலப்போம். ஆண்டிபயாட்டிக் உண்டு, அதைத் தனியாக எழுத வேண்டும்.

அந்த வளர்ச்சி ஊசியில் இல்லை, இனத்தில் இருக்கிறது. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்து இனங்களை ஒரே மாதிரி தீவனம் கொடுத்துச் சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள். 2014இல் வெளிவந்தது. 56ஆவது நாளில் பழைய இனம் 905 கிராம், நடு இனம் 1,808 கிராம், புதியது 4,202 கிராம். ஏறக்குறைய ஐம்பது வருஷத்தில் நாலு மடங்குக்கு மேல். கால் எலும்பும் இதயமும் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுகின்றன.

எனக்கு ஹார்மோன் வதந்தியை விட இது பெரிய விஷயமாகப் படுகிறது. ஊசி என்றால் நிறுத்தச் சொல்லலாம். இந்தக் கோழிக்கு வலி பிறப்பிலேயே வைத்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. நல்ல மனசுள்ள ஆள், காற்றோட்டமான ஷெட், நேரத்துக்குத் தண்ணீர் எல்லாம் இருந்தாலும் ஐந்தாவது வாரம் அது காலை இழுக்கத்தான் செய்யும். நாங்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டோம். அதை இப்போது நினைத்தால் ஆறுதலாக இல்லை.

பிப்ரவரி 9

எருவுக்கு வருகிறேன். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

வளர்ப்புக் கூலியில் கடன் தவணையும் கரண்டு பில்லும் போனால் மிஞ்சுவது மிகக் குறைவு. எங்களைப் போன்றவர்களுக்கு லாபம் என்று கையில் நின்றது குப்பை விற்ற காசுதான். ஒரு பேட்ச் முடிந்ததும் தரையில் எச்சமும் நார்த்தூளும் கலந்து கிடப்பதை மூட்டை பிடித்து லாரிக்காரரிடம் கொடுப்போம். எங்கே போகிறது என்று ஒருநாள் கேட்டேன். “மலைக்கு, கேரட்டுக்கு” என்றார். எந்த ஊர் என்றேன். மன்னவனூர், கவுஞ்சிப் பக்கம் என்றார்.

பொங்கலுக்கு அப்பா வீட்டுக்கு வந்தபோது தோட்டத்து ஓரத்தில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். எங்கள் ஷெட்டுக் குப்பையா வேறு யாருடையதா, தெரியாது. வாசனை அதே வாசனை. வெள்ளை இறகு, நார்த்தூள், நடுவில் காய்ந்துபோன ஒரு சின்னக் கால். அம்மா அந்த வருஷம் தோட்டத்து ஓடையில் பாத்திரம் கழுவுவதை விட்டிருந்தாள். மழை பெய்து ஓடை கலங்கி வந்தால் நாற்றம் அடிக்கிறது என்றாள்.

கோழி எருவில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அதிகம். மாட்டு எருவைப் போல மெதுவாக இறங்காது. மக்க வைக்காமல் பச்சையாகப் போட்டால் வேரைக் கருக்கும், சரிவான நிலத்தில் மழை அடித்தால் கரைந்து ஓடும். ஓடையில் சேர்ந்தால் பாசி. நிலத்துக்குள் இறங்கினால் நைட்ரேட். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று இந்தியத் தர அளவு சொல்கிறது. கூடினால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாய்ந்துவிடும்.

இந்த மலையின் வடக்குச் சரிவுத் தண்ணீர் அமராவதிக்குப் போய்க் காவிரியில் சேர்கிறது, தெற்குச் சரிவு வைகைக்கு. கீழே இருக்கிற பண்ணைக்குக் குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து போகிறதோ அங்கேயே அந்தப் பண்ணையின் கழிவைக் கொண்டுவந்து கொட்டுகிறோம். நானும் விற்றேன், என் தம்பியும் வாங்கினான்.

பிப்ரவரி 10

வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் என்னைத் திருத்தியிருக்கிறார். ஓடை கெட்டதற்குக் கோழி எருவை மட்டும் சொல்லக் கூடாது, யூரியாவும் டி.ஏ.பி.யும் மூட்டை மூட்டையாகப் போடுகிறோம், கேரட் கழுவுகிற தண்ணீரும் அங்கேதான் போகிறது, பூச்சிமருந்து டப்பாவை அலசுவதும் அங்கேதான் என்கிறார். சரி. நேற்று கோபத்தில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் போட்டுக் கட்டிவிட்டேன். நன்றாக மக்கிய கோழி எரு மண்ணுக்கு நல்லது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஐயா, இவ்வளவு எரு ஒரே இடத்தில் சேர்வதே பிரச்சினைதானே. அம்மா வளர்த்த பத்துச் சிறுவிடை நாட்டுக்கோழியின் எச்சம் எங்கள் பூண்டு வயலுக்கே போதவில்லை. ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் அடைத்தால், பக்கத்து நிலம் தாங்க முடியாத அளவுக்குச் சேர்கிறது. அதனால்தான் அது லாரி ஏறுகிறது. அதற்குத் தீவனமாகிற மக்காச்சோளமும் சோயாவும் வேறு எங்கோ விளைகின்றன. 2021இல் சோயாப் புண்ணாக்கு தட்டுப்பாடு வந்தபோது மரபணு மாற்றிய புண்ணாக்கையே 12 லட்சம் டன் இறக்குமதி செய்யலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது. சத்து ஒரு நிலத்திலிருந்து போய்க்கொண்டே இருக்கிறது, இன்னொரு நிலத்தில் அளவுக்கு மீறிக் குவிகிறது.

பிப்ரவரி 17

“உங்கள் கோழி கூண்டில் இருந்ததா?” என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. கறிக்கோழி தரையில் வளரும். கூண்டு முட்டைக்கோழிக்கு. நாமக்கல்லில் ஒரு உறவுக்காரர் பண்ணைக்கு ஒருமுறை போயிருக்கிறேன். அடுக்கடுக்காகக் கம்பிக் கூண்டு, முட்டை உருண்டு வெளியே வரும்படி தரை சாய்ந்திருக்கும். கோழி கம்பிமேல்தான் நிற்கும், கம்பிமேல்தான் தூங்கும். ஒன்றை ஒன்று கொத்தாமல் இருக்க அலகு நுனியைக் குஞ்சிலேயே சுட்டு எடுத்துவிடுகிறார்கள். 72 வாரம் வாக்கில் முட்டை குறைந்ததும் கறிக்கு ஏற்றிவிடுவார்கள்.

கூண்டில் அதன் பங்கு இடம் ஒரு ஏ4 தாளை விடக் குறைவு. அந்தத் தாள் 21க்கு 29.7 சென்டிமீட்டர், அதாவது 624 சதுர சென்டிமீட்டர் வாக்கில். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு காலத்தில் கோழிக்குக் குறைந்தபட்சம் 550 என்று வைத்திருந்தது. அதுவே போதாது என்று 2012 ஜனவரி 1 முதல் வெறும் கம்பிக் கூண்டையே தடை செய்துவிட்டார்கள். அதற்கும் எவ்வளவோ முன்னால், 1965இல், பிரிட்டன் அரசு அமைத்த பிராம்பெல் குழு சொன்னது எளிமையானது: பண்ணை விலங்கு எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, தன் உடம்பைச் சுத்தம் செய்துகொள்ள, கைகாலை நீட்ட இடம் வேண்டும். அம்மாவின் கோழிகள் காலையில் கூடையைத் தூக்கியதும் முதலில் செய்வது என்ன தெரியுமா? ஒரு இறக்கையையும் அதே பக்கத்துக் காலையும் சேர்த்துப் பின்னால் நீட்டிச் சோம்பல் முறிக்கும். அப்புறம் போய் மண்ணில் குளிக்கும். கூண்டுக் கோழிக்கு இந்த இரண்டும் ஆயுசுக்கும் கிடையாது.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1960ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 11ஆவது பிரிவு, அசைய நியாயமான இடம் இல்லாத கூண்டில் விலங்கை அடைப்பது குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 2017 ஜூலையில் சட்ட ஆணையம் தன் 269ஆவது அறிக்கையில் கூண்டு முறை போக வேண்டும் என்று சொல்லி, விதிகளின் வரைவையும் சேர்த்துக் கொடுத்தது.

பிப்ரவரி 18

நேற்று விட்டுப்போனது: மூன்று வருஷத்துக்குள் மறுபடி அதே குற்றம் என்றால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 50 ரூபாயோடு நின்றுவிடுவதாக எழுதியது முழு விவரம் ஆகாது.

மார்ச் 3

பூம்பாறைப் பக்கத்து ஆசிரியை ஒருவரின் கேள்வி நாலு நாளாக மனதில் கிடக்கிறது. “எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்கு உருப்படியான புரதம் என்றால் சத்துணவு முட்டைதான். அதை நிறுத்தச் சொல்கிறீர்களா?”

இல்லை டீச்சர். அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்து, 2010இல் வாரம் 5 முட்டை ஆனது. மேல்மலையில் அப்பா அம்மா இரண்டு பேரும் விடியும் முன்னே தோட்டத்துக்குப் போய்விடுகிற வீட்டுப் பிள்ளைக்கு அந்த முட்டை எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அரசாங்கம்தான் இவ்வளவு பெரிய அளவில் முட்டை வாங்குகிறது. கூண்டில்லாத பண்ணை முட்டைக்கு ஒரு பங்கு என்று டெண்டரில் ஒரு வரி வந்தாலே நாமக்கல்லில் பத்துப் பேர் கூண்டைக் கழற்றிப் பார்ப்பார்கள். விலை கூடும், மறுக்கவில்லை. இப்போதைய விலை குறைவாக இருப்பதற்குக் காரணமே, அதில் ஒரு பகுதியைக் கோழி கொடுக்கிறது, எங்களைப் போல வளர்ப்பவர்கள் கொடுக்கிறார்கள், ஓடை கொடுக்கிறது. நான் முட்டையை எதிர்த்துப் பேசவில்லை. என் மகளும் சாப்பிடுகிறாள். கறிக்கோழி மட்டும் ஷெட்டை விட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் இல்லை.

மார்ச் 26

பங்குனி உத்திரத்துக்குப் பழனி போயிருந்தோம். கிரிவீதியில் கூட்டத்துக்கு நடுவே அட்டைப்பெட்டியில் பச்சை, ரோஸ், ஊதா என்று சாயம் முக்கிய கோழிக்குஞ்சுகள். மகள் கேட்டாள், வாங்கவில்லை.

அவை பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்துச் சேவல் குஞ்சுகள். முட்டையும் இடாது, கறிக்கும் வேகமாகத் தேறாது. குஞ்சு பொரிப்பகத்தில் முதல் நாளே பிரித்து ஒதுக்கிவிடுவார்கள். உலகம் முழுக்க வருஷத்துக்கு நூற்றுக்கணக்கான கோடிச் சேவல் குஞ்சுகளை இப்படிப் பிறந்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். ஜெர்மனி 2022 ஜனவரியிலிருந்து அதைத் தடை செய்தது, முட்டைக்குள்ளேயே ஆணா பெண்ணா என்று பார்க்கிற முறைக்கு அங்கே மாறினார்கள். இங்கே கொல்லாமல் மிஞ்சியது சாயம் பூசித் திருவிழாவுக்கு வருகிறது. நான் சின்னவளாக இருந்தபோது அப்பா இரண்டு வாங்கித் தந்தார். மன்னவனூர்க் குளிரில் இரண்டு ராத்திரி தாங்கவில்லை. என் கைச்சூடு பற்றாமல் செத்தது என்று நினைத்து அழுதேன்.

ஏப்ரல் 7

ஆண்டிபயாட்டிக் பற்றி எழுதுவதாகச் சொன்னது பாக்கி.

எங்கள் ஷெட்டில் கம்பெனி சூப்பர்வைசர் கொடுத்த பவுடர்களைத் தண்ணீர்த் தொட்டியில் கலந்தோம். நோய் வந்தால் மட்டும் என்றில்லை, வராமல் இருக்கவும்தான். பொட்டலத்தில் இருந்த பெயர்களை நான் படித்துப் பார்த்ததில்லை. கோலிஸ்டின் என்ற மருந்தின் பெயரை அப்புறம்தான் செய்தியில் கேட்டேன். வேறு எந்த மருந்துக்கும் கிருமி மடியாதபோது ஐ.சி.யூ.வில் கடைசியாக எடுக்கிற மருந்து அது. அதையே கோழிக்குத் தீவனத்தில் கலந்திருக்கிறார்கள், எடை கூட. 2015இல் சீனாவில் பன்றிகளிடமிருந்து எடுத்த கிருமிகளில், கோலிஸ்டினை எதிர்க்கிற, ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைத் தடை செய்தார்கள். எங்கள் பொட்டலங்களில் அது இருந்ததா என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை. கோழி தின்ற மருந்தில் ஒரு பங்கு எச்சத்தில்தான் வெளியேறும், அந்த எச்சம் எங்கே போகிறது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

மசினகுடி நண்பர் பிணந்தின்னிக் கழுகைப் பற்றி எழுதியது இதோடு சேர்ந்தது. கறவை மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்லோஃபினாக், அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2004இல்தான் காரணம் தெரிந்தது, 2006இல் கால்நடைக்குத் தடை வந்தது. அதற்குள் வெண்முதுகுக் கழுகு நாட்டில் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. சீகூர், மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருப்பவற்றைத்தான் நீலகிரிக்காரர்கள் கண்ணில் வைத்துக் காக்கிறார்கள். அதே மாதிரி வலி மருந்துகளான கீட்டோபுரோஃபென், அசிக்லோஃபினாக் இரண்டுக்கும் 2023இல்தான் தடை வந்தது. பண்ணையில் ஊற்றுகிற மருந்து பண்ணைக்குள் நிற்பதில்லை.

ஏப்ரல் 8

“பூமி சூடாவதற்கு மாடுதான் காரணம், அதனால் எல்லோரும் கோழிக்கு மாறுங்கள்” என்று ஒருவர் பதில் போட்டிருக்கிறார். அசைபோடும் மாட்டின் வயிற்றில் மீத்தேன் உண்டாகிறது, கோழியில் அப்படி இல்லை என்பது உண்மை. முதலில் இதை ஒத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். பாதியில் மனசு மாறியது. ஒரு மாட்டில் கிடைக்கிற கறிக்கு நூறு கோழிக்கு மேல் வேண்டும். புகையைக் குறைக்கிறோம் என்று சொல்லி, காலை இழுக்கிற உயிர்களின் எண்ணிக்கையை நூறு மடங்கு ஆக்குவதா? 2019 கால்நடைக் கணக்கெடுப்பிலேயே நாட்டில் கோழியினம் 85 கோடி. அதுவும் ஒரு நாள் எண்ணியது. கறிக்கோழி ஷெட்டில் வருஷத்துக்கு ஐந்தாறு பேட்ச் வந்து போகும்.

குறைத்துச் சாப்பிடுவதுதான் எனக்குத் தெரிகிற வழி. அம்மா காலத்தில் கோழி அடிப்பது என்றால் விருந்தாளி வர வேண்டும், இல்லையென்றால் கிடா வெட்டு, திருவிழா என்று ஏதாவது வர வேண்டும்.

மே 12

தம்பியோடு இரண்டு வாரம் வாக்குவாதம். கோழி எரு இல்லாமல் கேரட் வராது, மாட்டு எரு வாங்கக் கட்டாது என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஊரில் மாடே குறைந்துவிட்டது. கடைசியில், ஓடையிலிருந்து தள்ளி மேட்டில் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, இலைதழையும் சாணியும் கலந்து இரண்டு மாதம் மக்க வைத்த பிறகுதான் போடுவது என்று ஒத்துக்கொண்டான். ஓடைக்கரையில் மூன்றடி அகலத்துக்குப் புல் விடவும் சம்மதம். பாதி அளவு இந்த முறை, மீதிக்குப் பசுந்தாள் விதைத்திருக்கிறோம். எப்படி வருகிறது என்று எழுதுகிறேன்.

நேற்று ராத்திரி அந்தப் பாதி லோடு வந்தது. வண்டி ஓட்டி வந்தவர் எங்கள் ஷெட்டில் முன்பு மூட்டை ஏற்றிய பையன். என்னை அடையாளம் கண்டு, “அக்கா, மலையிலேயா இருக்கீங்க?” என்றான். டீ போட்டுக் கொடுத்தேன். எங்கள் ஷெட்டை வாங்கியவர் இன்னும் நடத்துகிறாராம், இந்த எருவே அங்கே அள்ளியதுதானாம். எத்தனை குஞ்சு இறக்குகிறார் என்று கேட்டேன். ஃபேன் கூடுதலாக மாட்டியிருக்கிறார், இப்போது 7,500 என்றான்.

ஷெட்டை நீட்டிக் கட்டியிருக்கிறாரா என்று கேட்டேன். இல்லையாம்.